இலேசான கிரகங்களை எடையிட்ட கதை

ஆரவல்லி மலைத்தொடரில் மிக உயர்ந்த சிகரத்திற்குக் குருசிகரம் என்று பெயர். இராஜஸ்தானத்து அபு மலையில், கடல் மட்டத்திற்கு மேல் 1722 மீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. ஆமதாபாத்திலும் பரோடாவிலும் குடியேறி வாழும் தமிழன்பர்கள் பலர், கோடை விடுமுறையில் அபு மலைக்குச் சென்று, தில்வாராக் கோயில்களின் சலவைக்கல் சிற்பங்களைக் கண்டு மகிழ்ந்து திரும்பியிருப்பார்கள். அதே மலைமீது வானாராய்ச்சி நிலையம் ஒன்றும் உண்டு. ஆமதாபாத்திலுள்ள பௌதிக ஆராய்ச்சிக் கூடத்திற்கு உரியது அது. அங்கே 1.2 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட ஒரு தொலைநோக்கியும், விண்மீன்களின் ஒளியைப் பிரித்தறியும் 'பாரஸ்' என்னும் நுண்கருவியும் உள்ளன.

இக்கருவியின் துணையால் 2021-ஆம் ஆண்டில் ஒரு கிரகம் கண்டறியப்பட்டதாக அறிவிப்பு வெளிவந்தது. நம் சூரியனைச் சேர்ந்தது அன்று. 725 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள வேறொரு விண்மீனைச் சுற்றுவது. டி.ஓ.ஐ. 1789 என்பது அவ்விண்மீனுக்குப் பட்டியலில் உள்ள பெயர். அக்கிரகம் வியாழனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு பெரியது. நிறையோ வியாழனில் நூற்றுக்கு எழுபது பங்குதான். அதன் பொருளை ஒரு லிட்டர் அளவுக்கு மொண்டு எடுக்க முடியுமாயின், சராசரியாக 280 கிராம்தான் இருக்கும். ஒரு லிட்டர் நீரோ 1000 கிராம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2023-இல், அதே மலையிலிருந்து, அதே கருவியைக்கொண்டு, மற்றொரு கிரகத்தை எடையிட்டார்கள். டி.ஓ.ஐ. 4603 என்னும் விண்மீனைச் சுற்றும் அது வியாழனைவிடச் சற்றே பெரியது. அதன் பொருள் லிட்டருக்கு ஏறத்தாழ 14 கிலோகிராம், ஈயத்தைவிடக் கனம்! பருமனில் ஒன்றையொன்று அடுத்த இரு கிரகங்களில் ஒன்று தக்கையை நினைவூட்டுகிறது, மற்றொன்று ஈயக்குண்டை மிஞ்சுகிறது.

கண்ணால் பார்க்க இயலாத ஒன்றை, எந்தத் தராசுத்தட்டிலும் ஏற்றவியலாத ஒன்றை, இப்படிக் கிராம் கணக்கில் எடைகூறுவது எங்ஙனம்? இந்த வினாவிற்கு விடை கண்ட வரலாறு முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதில் நம் சென்னை நகருக்கும் ஒரு பக்கம் உண்டு. அப்பக்கம் வெற்றிப் பக்கம் அன்று என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பொருள் இலேசானதா கனமானதா என்று கூற இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று நிறை, மற்றொன்று பருமன். நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். பஞ்சுப் பொதியின் எடையை மட்டும் சொன்னால் அது பஞ்சு என்று தெரியாது. அளவை மட்டும் சொன்னாலும் தெரியாது. கடையில் இது எளிது. வானத்திலோ இவ்விரு அளவுகளும் வெவ்வேறு வழிகளில் வருகின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்து, இருவர் கூற்றையும் பொருத்திப் பார்ப்பதைப் போன்றது இவ்வேலை.

இவ்விசாரணையைத் தொடங்கியவர் நியூட்டன். ஒரு கிரகத்தைச் சுற்றித் துணைக்கோள் ஒன்று ஓடுமாயின், அது எவ்வளவு தொலைவில், எத்தனை நாளில் சுற்றுகிறது என்பதிலிருந்து கிரகத்தின் ஈர்ப்பு வலிமையை, அதாவது நிறையை, ஒப்பளவில் கணக்கிடலாம் என்று அவர் காட்டினார். தொலைநோக்கியில் தெரியும் வட்டத்தின் அளவிலிருந்து பருமன் கிடைக்கும். 'பிரின்சிப்பியா' என்னும் தம் பெருநூலில் அவர் சூரியனின் அடர்த்தியை 100 என்று வைத்துக்கொண்டு, பூமிக்கு 400 என்றும், சனிக்கு 67 என்றும் விகிதம் குறித்தார். விகிதம் கிடைத்துவிட்டது, ஆனால் பூமியின் அடர்த்தி நீரைப்போல் எத்தனை மடங்கு என்பது திட்டமாகத் தெரிந்தாலன்றி மற்றவற்றை எடைக்கற்களாக மாற்ற வழியில்லை. 1774-இல் ஸ்காட்லாந்து தேசத்து மலையொன்றின் ஈர்ப்பை மாஸ்கலின் அளந்து பார்த்தார். 1798-இல் காவெண்டிஷ், தம் ஆய்வுக்கூடத்தில் ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டு, அவை ஒன்றையொன்று இழுக்கும் மிகச்சிறு விசையை அளந்து, பூமியின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு என்று நிலைநாட்டினார். உடனே சனியின் கணக்கும் தீர்ந்தது. நியூட்டன் தந்த விகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டாலும், சனி நீரைவிட இலேசானது என்றே வருகிறது. இன்றைய அளவின்படி அதன் பொருள் லிட்டருக்கு 690 கிராம்.

சனியை ஒரு பெருங்கடலில் இட்டால் மிதக்கும் என்று பள்ளிப் புத்தகங்களில் எழுதுவார்கள். குழந்தைகளுக்குச் சொல்ல நல்ல உவமைதான். எனினும் அது கருத்தைத் தவறான வழியில் செலுத்தக்கூடும். சனி ஒரே சீரான பஞ்சுருண்டை அன்று. மேலே மெல்லிய வாயு. கீழே செல்லச் செல்ல நெருக்கம். நடுவில் மிகக் கனமான பொருள். நாம் கூறுவது சராசரி ஒன்றையே. பின்வரும் எல்லாக் கணக்குகளுக்கும் இது பொருந்தும்.

இனிச் சென்னைக்கு வருவோம். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் வானாராய்ச்சி நிலையம் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். கருவியைத் தாங்க அங்கே நிறுத்திய கருங்கல் தூண், இன்றும் வானிலை அலுவலக வளாகத்தில் இருக்கிறது. அந்நிலையத்தின் தலைவராக இருந்த காப்டன் ஜேக்கப் என்பவர், 1855-இல் இலண்டன் வானநூற் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பொருள், '70 ஒபியூக்கி' என்னும் இரட்டை விண்மீன். நமக்குப் பதினாறு பதினேழு ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இவ்விரு விண்மீன்களும் ஒன்றையொன்று 88 ஆண்டுகளில் சுற்றுகின்றன. அவற்றின் நிலைகளைப் பல்லாண்டுகளாகக் குறித்துவந்த பட்டியல்களை ஒப்பிட்டபோது, கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்திற்கும் கண்ட இடத்திற்கும் சிறு வேற்றுமை தென்பட்டது. கண்ணுக்குப் புலனாகாத கிரகம் ஒன்று அங்கே இருந்து இழுப்பதே காரணமாகலாம் என்று ஜேக்கப் கருதினார். சூரியனல்லாத வேறொரு விண்மீனுக்குக் கிரகம் உண்டென்று அளவைகளின் அடிப்படையில் வாதித்த மிகப் பழைய முயற்சிகளுள் இது ஒன்று. அது சென்னையிலிருந்து எழுந்தது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

ஆனால் கிரகம் அங்கே இல்லை. 1890-களில் ஸீ என்னும் அமெரிக்க வானநூலார் இதே கூற்றைப் புதுப்பித்தார். 1899-இல் மௌல்டன் என்பவர், அவர் கூறுகிறபடி ஒரு மூன்றாவது பொருள் அங்கே நிலைத்திருக்கவே இயலாது என்று கணிதத்தால் மறுத்தார். ஜேக்கப் சிந்தித்த முறையில் குற்றம் ஏதும் இல்லை. அவர் நம்பிய வேற்றுமைகள், கருவியின் பிழை எல்லைக்குள்ளேயே அடங்கியிருந்தன. தம் முதற் சாட்சியைச் சரிபார்க்க இரண்டாவது சாட்சி அவருக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது சாட்சி எது என்பதையும் சென்னை ஒருவகையில் அறிந்தே இருந்தது. அதே நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1874 டிசம்பரில் சுக்கிரன் சூரிய வட்டத்தின் குறுக்கே கடந்து செல்லும் அரிய காட்சியை நம் நாட்டு மக்களுக்கு விளக்கச் சிறுநூல் ஒன்று வெளியிட்டவர். அப்படிக் கடக்கும்போது சுக்கிரன் சூரிய வட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை மறைக்கும். மறைக்கும் பங்கு எவ்வளவு என்று தெரிந்தால் மறைக்கும் பொருளின் அளவு தெரியும். சூரியனுக்கு இது கண்கூடு; தொலைவிலுள்ள விண்மீனுக்கும் இவ்விதியே பொருந்தும். அங்கே வட்டம் தெரியாது. ஒளி மட்டும் சில மணிநேரம் சிறிது மங்கும்.

இவ்விரு வழிகளையும் ஒரே கட்டுரையில் சேர்த்துச் சொன்னவர் ஆட்டோ ஸ்துரூவே என்னும் வானநூலார், ஆண்டு 1952. மிகச் சிறிய கட்டுரை அது. வியாழனைப் போன்ற கிரகம் ஒன்று தன் விண்மீனை மிக அணுகிச் சில நாட்களிலேயே சுற்றிவரக்கூடாது என்பதற்குக் காரணம் இல்லை. அப்படியிருந்தால் அதன் இழுப்பினால் விண்மீன் முன்னும் பின்னும் ஆடும். அந்த வேகத்தை அளக்கலாம். அது குறுக்கே வந்தால் விண்மீனின் ஒளி மங்குவதையும் காணலாம் என்றார். இன்று நடைபெறும் ஆராய்ச்சி முழுவதும் அந்தச் சிலவரிகளில் அடங்கியிருந்தது. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே. நம் சூரிய குடும்பத்தில் வியாழன் தொலைவில் இருக்கிறது. ஆகவே எங்கும் அப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம் அறிஞர் உள்ளத்தில் ஊறியிருந்தது. நம் ஊர் வழக்கமே உலக வழக்கம் என்று கருதும் பழக்கம் வானநூலாரையும் விடவில்லை போலும்.

விண்மீனின் ஆட்டத்தை அளப்பது எப்படி என்பதை ரயில் பயணிகள் எளிதில் உணர்வார்கள். நிலையத்தில் நில்லாமல் ஓடும் விரைவு வண்டி ஊதிக்கொண்டே வரும்போது அதன் ஒலி உச்சமாகவும், நம்மைக் கடந்து போனபின் தாழ்ந்தும் கேட்கிறது. ஒளிக்கும் இந்நியதி உண்டு. நம்மை நோக்கி வரும் விண்மீனின் ஒளியிலுள்ள கோடுகள் சிறிதே நீலப்பக்கம் சாயும். விலகிப் போகும்போது சிவப்புப்பக்கம் சாயும். 1995-இல் சுவிட்சர்லாந்து நாட்டு மேயரும் கெலோவும் '51 பெகாஸி' என்னும் விண்மீனின் ஒளிக்கோடுகள் 4.2 நாட்களுக்கு ஒருமுறை இப்படி ஆடுவதைக் கண்டனர். வேகம் வினாடிக்கு 60 மீட்டருக்கும் குறைவு. பஞ்சாங்கம் பார்க்கும் நம்மவர்க்கு அந்த இடத்தைக் காட்டுவது கடினமன்று. பூரட்டாதியின் இரு விண்மீன்களுக்கு இடையே, சற்று வெளியே தள்ளி அது இருக்கிறது. இக்கண்டுபிடிப்புக்காக அவ்விருவருக்கும் 2019-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

எனினும் 1995-இல் ஐயம் தீரவில்லை. விண்மீனின் மேற்பரப்பே விம்மித் தணிவதால் அப்படித் தோன்றுகிறது என்று வாதித்தவர் உண்டு. ஜேக்கபுக்கு நேர்ந்தது நினைவிருக்கும். முதற் சாட்சி மட்டும் போதாது. 1999 செப்டம்பரில் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில், பத்து சென்டிமீட்டர் வாயளவே உள்ள ஒரு சிறு தொலைநோக்கியைக்கொண்டு, சார்பனோ என்னும் மாணவரும் அவர் தோழர்களும் ஹெச்.டி. 209458 என்னும் விண்மீனைக் கவனித்தார்கள். அதன் ஆட்டம் முன்பே அளக்கப்பட்டிருந்தது. ஆட்டக் கணக்குப்படி கிரகம் குறுக்கே வரவேண்டிய நேரத்தில், விண்மீனின் ஒளி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு மங்கியது. ஒரு வாரம் கழித்து மீண்டும் மங்கியது. ஹென்ரி என்பவர் தனியே வேறொரு கருவியால் நோக்கி, நவம்பரில் அதையே கண்டார். இரு சாட்சிகளும் ஒரே நேரத்தைச் சொல்லின. ஐயம் ஒழிந்தது.

அன்றைக்குக் கிடைத்த பெரும் வியப்பு வேறு. நிறை, வியாழனில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு. குறுக்களவோ வியாழனைப்போல் ஒன்றேகால் மடங்குக்கு மேல். வகுத்துப் பார்த்தால் அடர்த்தி நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சனியினும் பாதி. இரு அளவும் சேர்ந்து கிடைத்த முதல் வெளிக்கிரகமே இப்படி ஊதியிருந்தது.

அதன்பின் இலேசான கிரகங்கள் வரிசையாக வந்தன. 2006-இல் ஹாட்-பி-1, நீரில் கால் பங்கு அடர்த்தி. அடுத்த ஆண்டு டிரெஸ்-4, அதற்கும் குறைவு. 2009-இல் வாஸ்ப்-17, பத்தில் ஒரு பங்கிற்கும் கீழ். ஒவ்வொன்றும் வந்தபோது இதுவே எல்லை என்று எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் எல்லை தாழ்ந்தது.

2024-இல் 'நேச்சர் அஸ்ட்ரானமி' இதழில் விரிவாக வெளியான வாஸ்ப்-193 பி என்னும் கிரகத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அது ஏறத்தாழ 1200 ஒளியாண்டுக்கு அப்பால், நம் சூரியனை ஒத்த விண்மீனை ஆறேகால் நாளில் சுற்றுகிறது. அதன் குறுக்களவு வியாழனைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதாவது மூன்று வியாழன்களை உள்ளே அடக்கும் பருமன். நிறையோ வியாழனில் ஏழில் ஒரு பங்கு. கடக்கும்போது விண்மீனின் ஒளியில் நூற்றுக்கு 1.4 பங்கை மறைத்துவிடும். இது பெரிய மங்கல். தென்னாப்பிரிக்காவில் அமைந்த சிறு கருவிகளே அதைப் பிடித்துவிட்டன. ஆனால் இழுப்பு மிகவும் மெலிது. விண்மீன் வினாடிக்கு 15 மீட்டர் அளவிலேயே ஆடுகிறது. இவ்வளவு பெரிய உருவத்துக்கு இவ்வளவு சிறிய இழுப்பா என்று மலைத்த கண்டுபிடிப்பாளர்கள், சிலி நாட்டு மலைகளிலுள்ள கருவிகளைக்கொண்டு சுமார் நான்கு ஆண்டுகள் அளவுகளைத் திரட்டினார்கள். முடிவில் கிடைத்த அடர்த்தி லிட்டருக்கு 59 கிராம். ஒரு கோழிமுட்டையின் எடை! மேனாட்டுச் செய்தித்தாள்கள் அதனைத் திருவிழாக் கடைகளில் விற்கும் பஞ்சு மிட்டாய்க்கு ஒப்பிட்டன. அடர்த்தியைப் பொறுத்தமட்டில் உவமை பழுதற்றது. நாம் மூச்சுவிடும் காற்றைவிட அப்பொருள் இன்னும் ஐம்பது மடங்கு கனம் என்பதையும் உடன் நினைத்துக்கொள்வது நல்லது.

ஏன் இப்படி ஊதியிருக்கிறது? விண்மீனின் வெப்பம் என்று சொல்லிவிடத் தோன்றும். அது பாதி விடையே. வெயில் குளத்தின் மேல்நீரைச் சுடவைக்கிறது. ஆழத்தில் நீர் குளிர்ந்தே கிடக்கிறது. அதுபோல விண்மீனின் ஒளி கிரகத்தின் மேற்பகுதியிலேயே தங்கிவிடும். கிரகம் முழுதும் விரிந்திருக்க வேண்டுமானால், வெப்பத்தில் ஒரு சிறு பங்காவது ஆழத்திற்குச் சென்று சேரவேண்டும். கொண்டு சேர்ப்பது எது? மின்னேறிய காற்றோட்டம் கிரகத்தின் காந்தப்புலத்தை ஊடுருவும்போது எழும் மின்னோட்டமே உள்ளே வெப்பமாக மாறுகிறது என்று 2010-இல் இரு அறிஞர் கூறினர். நீள்வட்டப் பாதையில் செல்லும் கிரகத்தை விண்மீன் மாறி மாறி அமுக்கியும் நெகிழவிட்டும் பிசைவதால் வெப்பம் பிறக்கிறது என்பது மற்றொரு கொள்கை. வாஸ்ப்-107 பி என்னும் கிரகத்தில் பின்னதற்குச் சான்று கிடைத்தது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் ஆய்வுகள் 2024-இல் வெளிவந்தபோது, அங்கே மீத்தேன் வாயு எதிர்பார்த்ததைவிட மிகமிகக் குறைவு என்று தெரிந்தது. உட்புறம் கொதித்துக்கொண்டிருந்தால்தான் அது அழிந்திருக்க முடியும். ஆனால் வாஸ்ப்-193 பி-யின் பருமனை, கண்டவர்கள் கைக்கொண்ட எந்தக் கணக்கும் நிறைவாக விளக்கவில்லை.

மிக இலேசானவை என்று நாம் கருதுவனவற்றுள் சில, உண்மையில் இலேசானவைதாமா என்ற வினாவும் எழுந்தது. சனிக்கு உள்ளதுபோல் வளையம் சூழ்ந்த கிரகம் ஒன்று, தக்க சாய்வில் நின்று குறுக்கே வந்தால், வளையமும் சேர்ந்து ஒளியை மறைக்கும். மறைப்பின் அளவைக்கொண்டு பருமன் கூறுபவர், குடை பிடித்து வருபவரின் நிழலைப் பார்த்து ஆளின் பருமனைக் கூறியவர் ஆவார். 2020-இல் இந்த ஐயத்தைக் கணக்கிட்டே எழுப்பினர். விண்மீனை மிக நெருங்கிய கிரகங்களுக்கு இவ்விளக்கம் பொருந்துவது கடினம். தொலைவில் தண்மையாகச் சுற்றும் சிலவற்றுக்கு இன்றும் மறுக்கப்படவில்லை.

கடைசியாகக் கெப்ளர்-51 பற்றிச் சொல்ல வேண்டும். அவ்விண்மீனின் மூன்று கிரகங்களும் நீரின் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்தவை என்று 2014-இல் மசூதா என்னும் ஜப்பானிய அறிஞர் கணக்கிட்டார். விண்மீன் மங்கலானது, அதன் ஆட்டத்தை அளக்க இயலவில்லை. ஆகவே வேறு தராசு ஒன்று பயன்பட்டது. கிரகங்கள் ஒன்றையொன்று இழுப்பதால், அவை விண்மீனைக் கடக்கும் நேரம் சில நிமிடம் முந்தும், சில நிமிடம் பிந்தும். அந்தத் தாமதப் பட்டியலிலிருந்தே நிறைகளை எடுத்தார்கள். 2023 ஜூனில், மூன்றாவது கிரகம் கடக்கும் நேரத்தை முன்கூட்டிக் கணித்து, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைத் திருப்பி வைத்திருந்தனர். கிரகம் இரண்டு மணிநேரம் முன்னதாகவே வந்துவிட்டது.

கணக்கு தவறவில்லை, கணக்கில் ஓர் ஆள் குறைந்திருந்தது. காணாத நான்காவது கிரகம் ஒன்று அவற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். கணக்கிட்ட இடத்திற்கும் கண்ட இடத்திற்கும் உள்ள வேற்றுமையைக்கொண்டு காணாத கிரகத்தை ஊகிப்பது, 1855-இல் நுங்கம்பாக்கத்தில் காப்டன் ஜேக்கப் கையாண்ட முறையே. இம்முறை பல கருவிகள் பல ஆண்டுகளாகக் குறித்த நேரங்கள் கையில் இருந்தன. நான்காவதன் இழுப்பைச் சேர்த்து மற்ற மூன்றையும் திரும்ப எடையிட்டார்கள். எண்கள் சற்று மாறின. மூன்றும் இன்னும் இலேசானவையாகவே நிற்கின்றன. நான்காவது கிரகம் விண்மீனின் குறுக்கே வருவதை எவரும் கண்டிலர்; ஆகவே அதன் பருமனும், அதனால் அது பஞ்சோ ஈயமோ என்பதும், இனித்தான் தெரியவேண்டும்.